முதுகுல சுமையோட நடக்கறது: வெள்ளியங்கிரிக்கு முன்னாடி எவ்வளவு எடை, எப்படி ஏத்தறது?

ரேஸ்கோர்ஸ்காரன், கோயம்புத்தூர்

வணக்கமுங்க. வயசு 41, எடை 78 கிலோ, நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற பொழப்பு. காலையில ரேஸ்கோர்ஸ்ல நடப்பேன். சுத்து ரெண்டரை கிலோமீட்டர் சுமாருக்கு வரும், ரெண்டு சுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துருவேன். நடை எனக்குப் புதுசில்லீங்க, முதுகுல சுமையோட நடக்கறதுதான் புதுசு.

எதுக்குன்னா, வர்ற மாசி மாசம் எங்க பெரியப்பாவோட வெள்ளியங்கிரி போகணும், ஏழு மலை ஏறி உச்சியில சிவனைக் கும்பிடற எடமுங்க. அவருக்கு 67. பிப்ரவரியில வனத்துறை மலையைத் தொறந்துட்டாங்கன்னு காதுல விழுந்தாப் போதும், பை, கம்பு, நெத்தி நிறையத் திருநீறுன்னு கெளம்பீருவார். இந்த வாட்டி மட்டும் "பையை நீ எடுத்துக்கடா, நான் கம்பை மட்டும் புடிச்சுக்கறேன்"னு சொல்லிட்டார். அவரு வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, ரெண்டு பேருக்கும் தண்ணி, கம்பளி, மாத்துத்துணி, டார்ச், கட்டுச்சோறு, பூசைச் சாமான் எல்லாம் சேர்த்துப் பார்த்தா 8 கிலோ வருது.

அதான் இப்பவே பழகலாம்னு ஆபீஸ் லேப்டாப் பையில 5 கிலோ அரிசி, 3 கிலோ ராகின்னு போட்டுட்டு ரேஸ்கோர்ஸ் போறேன். வாக்கிங் வர்ற பெரியவங்க "ஏனுங் தம்பி, ரயிலுக்கு நேரமாச்சுங்களா?"ங்கறாங்க. நாய்களுக்கோ மூட்டை தூக்கிட்டு வர்றவனைக் கண்டாலே ஆகறதில்ல. அதெல்லாம் கூடப் பரவால்லீங்க. ரெண்டாவது சுத்து முடியறப்ப எடது கையில கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்த மாதிரி இருக்குது. பையை எறக்கி வெச்சு பத்து நிமிசத்துல சரியாயிடுது.

யூடியூப்ல பார்த்தா ஒருத்தர் உடம்பு எடையில மூணுல ஒரு பங்கு தூக்கணும்ங்கறார், இன்னொருத்தர் சாதா நடையை விட மூணு மடங்கு கொழுப்புக் கரையும்ங்கறார். இதுல எது நெசம்? எடையை எப்படி ஏத்திட்டுப் போறது? மலையேத்தத்துக்கு இது நெசமாவே உதவுமா, இல்ல பேசாம வெறுங்கையோட நடந்தாப் போதுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

தரமணி கணக்கு, சென்னை

மூணு மடங்குக் கதைக்கு மட்டும் நான் பதில் சொல்றேன். மத்தது தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

சுமையோட நடக்கிறவனுக்கு எவ்வளவு சக்தி செலவாகுதுன்னு கணக்குப் போட ஒரு பழைய சூத்திரம் இருக்கு. அமெரிக்காவுல நேட்டிக்ங்கிற ஊர்ல இருக்கிற ராணுவ ஆராய்ச்சி நிலையத்துல பாண்டால்ஃப், கிவோனி, கோல்ட்மேன்னு மூணு பேர் 1977ல வெளியிட்டது. உடம்பு எடை, சுமை, வேகம், சரிவு, தரை எப்படிப்பட்டது, இந்த அஞ்சையும் போட்டா செலவு வாட் கணக்குல வரும். உங்க 78 கிலோவை வச்சு நேத்து ராத்திரி போட்டுப் பார்த்தேன்.

சமதரையில, தார் ரோட்டுல, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல சும்மா நடந்தா மணிக்கு 295 கலோரி. அதே வேகத்துல முதுகுல 8 கிலோ இருந்தா 316. வித்தியாசம் 21 கலோரி. அதாவது ஒரு மணி நேரம் அரிசியும் ராகியும் சுமந்து நீங்க கூடுதலா எரிச்சது அரை இட்லி. 15 கிலோவா ஏத்தினாக் கூட 338தான் வருது, ஒரு முழு இட்லி.

இப்ப இதைப் பாருங்க. பையே இல்லாம வேகத்தை மட்டும் 6 கிலோமீட்டராக் கூட்டினா 380. பை இல்லாம 5 சதவிகித ஏத்தத்துல, அதாவது நூறு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் ஏறுற ரோட்டுல, அதே 5 கிலோமீட்டர் வேகத்துல நடந்தா 458. எங்க ஊரு பெசன்ட் நகர் பீச்சுல உதிரி மணல்ல மெதுவா மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தாலே 361 வந்துடுது, ஏன்னா அந்த மாதிரி மணலுக்குச் சூத்திரத்துல 2.1ன்னு ஒரு பெருக்கல் போடுறாங்க. தார் ரோட்டுக்கு அது 1.

இந்தச் சூத்திரம் செலவைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டுதுன்னு பின்னால வந்த ஆராய்ச்சிக்காரங்க சொல்லியிருக்காங்க. இறக்கத்துக்கும் இது சரியா வராது. இருக்கட்டும். தாராளமாக் கூட்டிக்கிட்டாலும் மூணு மடங்கு எங்கேருந்து வரும்? எவனோ காடு மேடெல்லாம் 30 கிலோவோட ஏறினப்ப அளந்ததை எடுத்து ரேஸ்கோர்ஸுக்கு ஒட்டிட்டாங்க போல.

தொப்பைக்காகன்னா அரிசியை அடுக்களையில வச்சுட்டு வேகமா நடங்க. மலைக்காகன்னா அது வேற கணக்கு, அது எனக்குத் தெரியாது.

---

பிட்டு சுமந்தவன், வேலூர் மாவட்டம்

தம்பி ரேஸ்கோர்ஸ்காரன், கணக்கு சார் சொன்னது சரிதான். கலோரிக்காக யாரும் பிட்டு தூக்கறதில்ல.

பிட்டுன்னா புட்டு இல்ல. பட்டாளத்துல முதுகுப் பைக்கு அதான் பேரு, இந்தியிலருந்து வந்தது. நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட். ட்ரெய்னிங் எல்லாம் வெலிங்டன்ல, குன்னூருக்குப் பக்கத்துல. சமதரையே கெடையாது அந்த ஊர்ல, ஒண்ணு ஏறணும், இல்லாட்டி எறங்கணும். யாராவது லேட்டா வரிசையில வந்து நின்னாலோ பூட்ஸ் பாலிஷ் சரியில்லன்னாலோ உஸ்தாத், அதான் பயிற்சி குடுக்கறவர், சொல்ற முதல் வார்த்தை "பிட்டு பரேட்". முழுப் பையையும் மாட்டிக்கினு ஓடணும். அப்ப எங்களுக்கு அது தண்டனை. இப்ப பசங்க காசு குடுத்து வெயிட் வெஸ்ட், அதான் எடை வெச்சுத் தெச்ச மேல்சட்டை, வாங்கி மாட்டிக்கிறாங்க. அமெரிக்காவுல ஸ்பெஷல் ஃபோர்ஸ்ல இருந்த ஜேசன் மெக்கார்த்தின்னு ஒருத்தர் 2008ல கோரக்னு கம்பெனியே ஆரம்பிச்சுட்டார், இதுக்குன்னே பை விக்கிறதுக்கு. எனக்குத் தோணாமப் போச்சு!

விஷயத்துக்கு வரேன். உன் பிரச்சினை எடை இல்ல, பை. லேப்டாப் பை லேப்டாப்புக்குத் தெச்சது. வார் மெல்லிசு, உள்ள எலும்புக்கூடு கெடையாது, அரிசி போட்டா எல்லாம் அடியில போய் குந்திக்கும். அது இடுப்புக்குக் கீழ தொங்கும்போது வார் தோளைப் பின்னால இழுக்கும், அதுக்கு ஈடு குடுக்க நீ முன்னால குனிஞ்சு கழுத்தை நீட்டுவ. ரெண்டாவது சுத்துல கை மரத்துப்போறது அங்கருந்துதான் வருதுன்னு நெனைக்கிறேன். டாக்டர் யாராவது இருந்தா சொல்லட்டும்.

நாங்க கட்டுற முறை இது. பையோட அடியில லேசான சாமான், கம்பளி, துணி. கனமான சாமான் அதுக்கு மேல, ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல, முதுகை ஒட்டினாப்புல. முதுகுக்கும் சாமானுக்கும் நடுவுல ஒரு துண்டை மடிச்சு வெச்சா குத்தாது. கட்டினப்புறம் ரெண்டு குதி குதிச்சுப் பாரு. உள்ள எதுனா ஆடுச்சுன்னா பிரிச்சுத் திரும்பக் கட்டு. ஆடுற 5 கிலோ, ஆடாத 8 கிலோவை விட மோசம். இடுப்புப் பட்டை வெச்ச பையா இருந்தா ரொம்ப நல்லது. பட்டையை வயித்து மேல கட்டாத, இடுப்பு எலும்பு மேல ஒக்கார்ற மாதிரி கட்டு. பாரம் தோளை விட்டு எறங்கி காலுக்குப் போகும்.

ஓடாத. எங்க காலத்துல ஒரு ஒடம்புத் தகுதி டெஸ்ட் இருந்துச்சு, பீபிஇடின்னு பேரு. சண்டைக்குப் போற சாமானெல்லாம் மாட்டிக்கினு, துப்பாக்கியும் தூக்கிக்கினு 5 கிலோமீட்டர் ஓடணும். அது சண்டைக்காரன் சமாச்சாரம், முட்டியை அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தவன் ஓடுவான். உனக்கு வீட்ல பொண்டாட்டி புள்ள இருக்கு.

எடை ஏத்தறதுக்கு என் வழி: 4 கிலோல ஆரம்பி. வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு நாளுக்கு மேல வேணாம். நடுவுல வெறும் நடை. ரெண்டு வாரம் ஒடம்புல எந்த எடத்துலயும் வலி இல்லன்னா ஒரு கிலோ சேரு. முதல்ல தூரத்தைக் கூட்டு, அப்புறம் ஏத்தத்தைக் கூட்டு, கடைசியிலதான் எடை. ஒரே வாரத்துல ரெண்டைக் கூட்டாத. மாசிக்கு இன்னும் நாள் இருக்கு. 8 கிலோ தேவைன்னா 8 போதும். 20 கிலோ தூக்கிப் பழகினா 8 கிலோ பூ மாதிரி இருக்கும்னு எவனாச்சும் சொன்னா காதுல வாங்காத. அதுக்குள்ள முட்டி போயிடும்.

காலைப் பத்திக் கேக்கவே இல்லையே நீ? ரூட் மார்ச், அதான் பையோட ரொம்ப தூரம் நடக்கறது, முடிஞ்சதும் எங்களுக்கு முதல் வேலை பூட்ஸைக் கழட்டி காலைக் காட்டறது. ஆபீசரே வந்து ஒவ்வொருத்தன் காலையும் பார்ப்பார். கொப்புளம் வந்தவன் மறுநாள் மார்ச்ல பின்தங்குவான், அவனால மொத்தப் பிளட்டூனும் லேட்டாகும். பாரம் ஏறினா பாதம் கொஞ்சம் விரியும். அதனால டைட் ஷூ வேணாம். மெல்லிசா ஒரு சாக்ஸ், அதுக்கு மேல தடியா ஒண்ணு. தேய்மானம் ரெண்டு சாக்ஸுக்கு நடுவுல போயிடும், தோலுக்கு வராது. ஆனா வெள்ளியங்கிரியில நெறைய பேரு செருப்பில்லாமத்தான் ஏறுவாங்கன்னு கேள்வி. நீயும் அப்படித்தான்னா இப்பவே வாரத்துல ஒரு நாள் மண் தரையில வெறுங்காலோட நடந்து பழகு, அன்னைக்கு பை வேணாம்.

---

ஆர்.எஸ்.புரம் தூங்குமூஞ்சி

நாய்க்கு என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்லலியே. ஆறு மணிக்கு மேல போங்க ப்ரோ. அதுக்குள்ள நாயெல்லாம் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கப் போயிடும்.

---

மூட்டுக்காரர், மதுரை

நான் பிசியோதெரபிஸ்ட். ஹவில்தார் அண்ணே (பதவி சரியாத் தெரியல, மன்னிக்கணும்) சொன்ன பை விசயம் நூத்துக்கு நூறு சரி. அந்த மரமரப்பை மட்டும் நான் கொஞ்சம் விரிவாச் சொல்லிடுறேன், ஏன்னா மத்தவங்க அதைத் தாண்டிப் போயிட்டாங்க.

கழுத்துல இருந்து கைக்குப் போற நரம்புக் கத்தை காறை எலும்புக்கு அடியில நுழைஞ்சுதான் போகுது. மெல்லிசான வார் அங்க அழுத்திக்கிட்டே இருந்தா கத்தையோட மேல்பகுதி நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரக்கறது அந்த மேல்பகுதி நரம்புகளோட வட்டாரம்தான். கழுத்து டிஸ்க்ல கோளாறு இருந்தாலும் இதே விரல்கள்ல வரும், அதனால நேர்ல பார்க்காம இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பட்டாளத்துக்காரங்களுக்கும் மலையேறுறவங்களுக்கும் வர்றது இது. மருத்துவப் புத்தகத்துல முதுகுப்பை வாதம்னு சொல்ற மாதிரி தனிப் பேரே வச்சிருக்காங்க. முத்தினா கையைப் பக்கவாட்டுல தூக்க முடியாது, தோள்பட்டை எலும்பு றெக்கை மாதிரி பின்னால புடைச்சுக்கிட்டு நிக்கும். உங்களுக்குப் பத்து நிமிசத்துல சரியாகுதுன்னா இன்னும் அந்த அளவுக்குப் போகல. ஆனா அந்தப் பையை இன்னைக்கே நிறுத்துங்க. ரெண்டு வாரம் வெறும் நடை. அப்புறம் நல்ல அகல வார், இடுப்புப் பட்டை உள்ள பையோட 4 கிலோல ஆரம்பிங்க. அப்பவும் மரத்துச்சுன்னா, இல்ல பை இல்லாதப்பவே மரத்துச்சுன்னா, நேரா டாக்டர்கிட்டப் போயிருங்க. இங்க வந்து கேட்டுக்கிட்டு இருக்காதீங்க.

ஒரு அளவு வேணும்னா, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடம்பு எடையில 10 சதவிகிதத்துக்கு மேல பை கூடாதுன்னு 2020ல மத்திய அரசு கொள்கையே வச்சிருக்கு. பழக்கமில்லாத பெரியவங்களுக்கும் ஆரம்பத்துக்கு அதுவே நல்ல வரம்பு. உங்க 78 கிலோவுக்கு 8 கிலோங்கறது ஏறக்குறைய அந்த வரம்புலதான் வந்து நிக்குது. மூணுல ஒரு பங்குன்னு சொன்னவரு வீடியோவை மூடிருங்க.

அப்புறம் மலையைப் பத்தி ஒண்ணு. ஏறும்போது மூச்சு வாங்கும், தொடை எரியும், ஆனா முட்டி பெருசா அடி வாங்காது. இறங்கும்போதுதான் ஒவ்வொரு படிக்கும் மொத்த உடம்பையும் பையையும் முட்டிக்கு முன்னால இருக்கற தொடைத்தசை பிரேக் போட்டு நிறுத்தணும். ரேஸ்கோர்ஸ்ல எத்தனை சுத்துப் போனாலும் அந்தத் தசைக்கு அந்த வேலை வராது. அதனால வீட்டு மாடிப்படி கடைசிப் படியில நின்னு, ஒரு காலை மெதுவா, மூணு எண்ணுற நேரம் எடுத்துத் தரையில வைங்க, திரும்ப மேல. ஒரு காலுக்குப் பத்து, மாத்திப் பத்து. முதல் நாள் செஞ்சுட்டு மறுநாள் கக்கூஸ்ல உக்கார முடியலன்னா பயப்படாதீங்க, அது இந்தப் பயிற்சியோட குணம். அடுத்த வாரம் அவ்வளவு வலிக்காது.

பெரியப்பாவுக்கு 67ங்கறீங்க. "பையை நீ எடுத்துக்க"ன்னு இந்த வருசம் ஏன் சொன்னாருன்னு கேட்டீங்களா? முட்டி வலியா இருக்கலாம், மூச்சு வாங்கறதாவும் இருக்கலாம். அந்த மலையில ஏறும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்து இறந்தவங்க சமீப வருசங்கள்லயே உண்டு. பிபி, சுகர், ஈசிஜி எல்லாம் பார்த்து, டாக்டர் சரின்னா மட்டும் கூட்டிட்டுப் போங்க.

---

நெல்லை டீச்சர்

இடையில நுழையுதேன், தப்பா நினைக்காதீங்க. எனக்கு 54. மாதவிலக்கு நின்னு நாலஞ்சு வருசம் ஆச்சு. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு, தேய்மானம் தொடக்கத்துல இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. கூட வேலை பாக்கிற டீச்சர் ஒருத்தி, வெயிட் வெஸ்ட் போட்டு நடந்தா எலும்பு கெட்டிப்படும்னு ஒரே பிடியா நிக்குதா. நான் வெஸ்ட் ஒண்ணும் வாங்கல. பேரனோட பழைய ஸ்கூல் பையில 3 கிலோ அரிசி போட்டு வீட்டு முற்றத்துலயே நடக்குதேன். தெருவுல போனா "டீச்சர் ரேஷன் கடையில இருந்தா வாறீய?"ன்னு கேப்பாவ. இது எலும்புக்கு உதவுமா, மூட்டுக்காரர் சார்?

இன்னொண்ணு. எங்க ஆச்சி தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம்னு வச்சுக்கிட்டு வாய்க்கால்ல இருந்து கதை பேசிக்கிட்டே வருவா. மூச்சு வாங்கினதே கிடையாது. அவளுக்கு எந்த சூத்திரம் போடுவாரு அந்தக் கணக்கு சார்?

---

தரமணி கணக்கு, சென்னை

டீச்சர், உங்க ஆச்சிக்கு என் சூத்திரம் பொருந்தாது. கென்யாவுல லுவோ, கிக்குயு பெண்களை வச்சு 1986ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. லுவோ பெண்கள் தலையில சுமக்கிறவங்க, கிக்குயு பெண்கள் நெத்தியில வார் மாட்டி முதுகுல சுமக்கிறவங்க. உடம்பு எடையில 20 சதவிகிதம் வரைக்கும் ஏத்தினாலும் அவங்களுக்குக் கூடுதல் சக்தியே செலவாகலைன்னு அளந்து சொன்னாங்க. நேபாள மலைச் சுமைகாரர்களைப் பத்தி 2005ல சயன்ஸ் இதழ்ல வந்தது இன்னும் பெரிய ஆச்சரியம், தன் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான மூட்டையோட மலை ஏறுறாங்க. சின்ன வயசுல இருந்தே சுமந்து பழகின உடம்பு. கோயம்பேட்டுல சும்மாடு வச்சு மூட்டை தூக்குறவங்களைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது இவங்களையும் அளந்து பார்க்க மாட்டாங்களான்னு தோணும்.

நாம 41 வயசுல லேப்டாப் பையோட ஆரம்பிக்கிற கூட்டம். நமக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது.

---

மூட்டுக்காரர், மதுரை

டீச்சர், சுருக்கமா: நடக்கறது நல்லது, 3 கிலோ பையால தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா எலும்புக்கு அதை மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

2025ல ஜாமா நெட்வொர்க் ஓப்பன்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. உடல் பருமன் உள்ள வயசானவங்க 150 பேர், 12 மாசம் எடை குறைச்சாங்க. எடை குறையும்போது எலும்பும் கொஞ்சம் கரையும். அதைத் தடுக்க ஒரு பிரிவுக்கு வெயிட் வெஸ்ட், இன்னொரு பிரிவுக்கு பளு தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தாங்க. இடுப்பு எலும்புத் தேய்மானத்தை ரெண்டுமே தடுக்கல. அவங்க எடை குறைச்சுக்கிட்டு இருந்தவங்க, உங்க நிலை வேற. ஆனாலும் வெஸ்ட் மாட்டினாலே எலும்பு கெட்டிப்படும்னு பிடிவாதமாச் சொல்றதுக்கு இடம் இல்ல.

எலும்புக்குத் தேவை, வழக்கமா வர்ற பாரத்தை விடக் கூடுதலான பாரம், பல திசையில இருந்து. நாற்காலியில இருந்து கை ஊணாம எழுந்து உக்கார்றது, ஒரு பிசியோ கண் பார்வையில படிப்படியா எடை தூக்கறது, கீழ விழாம இருக்க ஒத்தக்கால்ல நின்னு பழகறது, இதெல்லாம் பையை விட முக்கியம். கால்சியம், வைட்டமின் டி பத்தி டாக்டர் சொன்னதை விட்டுறாதீங்க. முக்கியமா ஒண்ணு. முதுகெலும்புல ஏற்கெனவே நசுங்கல் இருக்குன்னு ஸ்கேன்ல சொல்லியிருந்தா பை வேணாம், 1 கிலோ கூட வேணாம்.

பையில அரிசியை மாத்தி மாத்திப் போடாம ஒரே பையைத் தெச்சு வச்சுக்கங்க, இல்லன்னா நடந்து முடிச்சதும் அதையே பொங்கிருவாங்க வீட்ல.

---

ரேஸ்கோர்ஸ்காரன், கோயம்புத்தூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு பதில் வரும்னு நெனைக்கல.

லேப்டாப் பையை ஓரங்கட்டியாச்சு. தம்பி காலேஜ்ல டிரெக்கிங் போனப்ப வாங்கின பை பரண்ல கெடந்துச்சு, இடுப்புப் பட்டை, நெஞ்சுப் பட்டை ரெண்டும் இருக்குது. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தொடுவேன். மாடிப்படி வித்தையை நேத்தே செஞ்சுட்டேன், மூட்டுக்காரர் சொன்ன மாதிரியே இன்னைக்குக் காலைக்கடன் கஷ்டமாப் போச்சு.

பெரியப்பாகிட்டயும் கேட்டேன். முட்டிதானாம், எறங்கறப்ப வலது முட்டி "கடக்"குங்குதாம். மூச்செல்லாம் ஒண்ணும் இல்லைங்கறார். இருந்தாலும் ஈசிஜிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னதுக்கு "என்னையப் பார்த்தா நோயாளி மாதிரி இருக்குதா?"ன்னு ஒரு மொறைப்பு. பெரியம்மாவை விட்டுப் பேசச் சொல்லியிருக்கேன்.

ரேஸ்கோர்ஸ்ல ஏத்தமே இல்லீங்க. அதனால ஞாயித்துக்கெழமை மருதமலைப் படியில ஏறலாம்னு இருக்கறேன். பை கட்டுறதுக்கு அரிசிதான் நல்லதா, மணலா, வேற எதுனாவா? அப்புறம் எறக்கத்துல பாரம் கெடுதல்ங்கறீங்க, ஏறினவன் எறங்கித்தான ஆகணும், அதுக்கு என்ன வழி?

---

பிட்டு சுமந்தவன், வேலூர் மாவட்டம்

மூட்டுக்காரர் சார், பதவி பெருசா இல்ல, ஹவில்தாராத்தான் ரிடையர் ஆனேன். சரியாத்தான் சொன்னீங்க.

தம்பி, மருதமலைக்கு அரிசியும் வேணாம் மணலும் வேணாம். தண்ணி எடுத்துக்கோ. ரெண்டு லிட்டர் பாட்டில் ரெண்டு, சட்டுனு ஒரே எடம் ஓடாம இருக்க துணியில சுத்திக் கட்டு. ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசே தேவையில்ல. மேல போனதும் குடிச்சது போக மிச்சத்தை எதுனா ஒரு மரத்தடியில ஊத்திட்டு காலிப் பையோட எறங்கு. ஏத்தத்துக்குப் பாரம் கெடைச்சுது, எறக்கத்துக்கு முட்டி தப்பிச்சுது. கடைசி ஒரு மாசம் மட்டும் பாதித் தண்ணியை வெச்சுக்கினு எறங்கிப் பாரு, ஏன்னா வெள்ளியங்கிரியில கம்பளியை ஊத்திட்டு வர முடியாது. மருதமலைப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள எடம். வெளிச்சம் இருக்கறப்பவே ஏறி எறங்கிடு.

ஏறும்போது சின்ன அடி வை. கூட வர்றவங்கிட்ட முழு வாக்கியம் பேச முடியணும், அதான் வேகம். பேச்சு ரெண்டு ரெண்டு வார்த்தையா ஒடைஞ்சா வேகத்தைக் கொற. எங்களுக்கு ரூட் மார்ச்ல 50 நிமிசம் நடை, 10 நிமிசம் ஹால்ட். ஹால்ட்னா நின்னுக்கினே செல்போன் பார்க்கறது இல்ல. பையை எறக்கி வெச்சுட்டு, அது மேலயே காலைத் தூக்கிப் போட்டுப் படுக்கணும். உங்களுக்கு 67 வயசுக்காரர் கூட வர்றாரு, அரை மணிக்கு ஒரு தடவை நில்லுங்க. ராத்திரியில ஏறுறீங்கன்னா நிக்கும்போது கம்பளியை எடுத்துப் போத்திக்கணும், வேர்த்த ஒடம்புல மலைக் காத்து பட்டா தசை பிடிச்சுக்கும். அதனால கம்பளி பையோட அடியில வேணாம், அன்னைக்கு மட்டும் மேல வெச்சுக்கோ.

உயரத்தைப் பத்தி யாராவது பயமுறுத்தினா கவலைப்படாத. லடாக் பக்கம் போஸ்டிங் வந்தா 9,000 அடிக்கு மேல எங்களை உடனே வேலை செய்ய விட மாட்டாங்க. 12,000 அடி வரைக்கும் முதல் கட்டமே 6 நாள், அதுல முதல் ரெண்டு நாள் கட்டில்தான். வெள்ளியங்கிரி உச்சி 6,000 அடி சுமார், வெலிங்டன் கூட அதே உயரத்துலதான் இருக்குது. அங்க மூச்சு வாங்கறது காத்து இல்லாததால இல்ல, ஏத்தத்தால. ஆனா நெஞ்சுல அழுத்தம், எடது கை வலி, கண்ணு இருட்டறதுன்னு எதுனா வந்தா அடுத்த மலையில பார்த்துக்கலாம்னு நடக்காத. அந்த எடத்துலயே ஒக்காந்துடணும், கூட வர்றவங்களை விட்டு ஆள் கூப்பிடணும்.

எறக்கத்துக்கு கம்பு. பூண்டி அடிவாரத்துல மூங்கில் கம்பு விக்கிறாங்கன்னு சொல்றாங்களே, நீயும் ஒண்ணு வாங்கு. பெரியப்பாவுக்கு மட்டும்னு விட்டுடாத. எறங்கும்போது கம்பைக் கீழ்ப்படியில முதல்ல ஊணு, அப்புறம் காலை வை. படிக்கட்டுல நேரா எறங்காம கொஞ்சம் பக்கவாட்டாத் திரும்பி எறங்கினா முட்டிக்கு நல்லது. பின்னால வர்றவன் அவசரப்படுத்துவான், ஒதுங்கி வழி விட்டுடு.

---

மூட்டுக்காரர், மதுரை

பெரியப்பா முட்டிக்கு ஒரு வார்த்தை. "கடக்"குன்னு சத்தம் மட்டும்னா பெருசா பயமில்ல. வீக்கமோ, முட்டி மடங்கிக்கிட்டு நீட்ட வராம சிக்கிக்கறதோ இருந்தா இந்த வருசம் அடிவாரக் கோயில்லயே கும்பிட்டுக்கட்டும். இல்லன்னா அவரும் அந்த மாடிப்படிப் பயிற்சியைப் பாதி உயரத்துல, சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யலாம்.

---

ரேஸ்கோர்ஸ்காரன், கோயம்புத்தூர்

வீக்கம் இல்லீங்க. ஈசிஜிக்குச் சம்மதிச்சுட்டார், பெரியம்மா பேசினதுல. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கார், நானும் எடுக்கணுமாம்.

---

பிட்டு சுமந்தவன், வேலூர் மாவட்டம்

எடுத்துக்க, நல்லதுதான். இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். மொத்தப் பையையும் நீயே வாங்கிக்காத. வருசக் கணக்கா தன் பையைத் தானே சுமந்தவரு, வெறுங்கையோட ஏறச் சொன்னா பாதியிலயே மொகம் சுண்டிடும். ஒரு அரை லிட்டர் பாட்டில், திருநீத்துப் பை, கற்பூரம், அது மட்டும் தோள்ல ஒரு மஞ்சப் பையில அவருகிட்டயே இருக்கட்டும். அதை வாங்கப் போனா கம்பாலயே ஒண்ணு போடுவாரு.